இரண்டு நோட்டில் ஒரே எண்

வேலைக்குச் சேர்ந்து இருபத்து மூன்று நாள்கள். அதில் பத்தொன்பது நாள் அவள் கழுவறையில் போய் அழுதிருந்தாள்.

அழுகையை எண்ணிவைப்பது கொஞ்சம் கிறுக்குத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் வேதியியல் படித்தவள். எதையாவது எண்ணினால்தான் மனசு அடங்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில், தேதிக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

அது குடிநீரைச் சோதிக்கும் இடம். தினமும் பிற்பகலில் ஒரே தண்ணீரை இரண்டு பேர் தனித்தனியே சோதிக்க வேண்டும். கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையில் சிவப்பு போய் நீலம் வந்ததும் நிறுத்தி, குழாயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படித்து, அவரவர் நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் மற்றவர் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மற்றவர்தான் அமிலம் அக்கா. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் யாரோ, பார்த்துத்தான் வைத்திருந்தார். அக்காவுக்கு எதிரே இருக்கும் ஸ்டூலில் ஒரு வருஷத்துக்குள் வந்து உட்கார்ந்த மூன்றாவது ஆள் இவள். மற்ற இருவரும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார்கள்.

அன்று காலை மேலாளர் இரண்டு நோட்டையும் மேஜையில் விரித்துப் போட்டார்.

"பத்தொன்பது நாள். தசமப் புள்ளிக்கு அப்புறம் ரெண்டாவது எண் வரைக்கும் அச்சா ஒண்ணா இருக்கு. ரெண்டு கை ஒரே மாதிரி சொட்டு விடுமா? யாரோ ஒருத்தர் பார்த்து எழுதறீங்க. நாலு மணிக்கு வருவேன், யாருன்னு சொல்லணும்."

"இதுக்கு நாலு மணி எதுக்கு சார்?" என்றாள் அக்கா. "நான் இருபது வருஷமா இங்க குப்பை கொட்டறேன். இவளைப் பாருங்க, இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி உட்கார்ந்திருக்கா."

இவள் வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் அழுகை வரும். இன்னும் ஏழு நாள் தாண்டினால் வேலை நிரந்தரம். இப்போது திருட்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

மதியம் அக்கா சாப்பிடப் போனதும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அக்காவின் நோட்டில் நான்கு நாள் காலி. 'தலைவலி, அரைநாள் விடுப்பு.' தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். புள்ளி இல்லாத நாள்களும் நான்கு.

அதே நான்கு.

அந்த நாள்களில் தணிக்கை நடந்தது. மேலாளர் பிற்பகல் முழுக்க இந்த அறையிலேயே இருந்தார். அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. இவள் அழவில்லை. அக்காவுக்குத் தலைவலி வந்தது.

அக்கா கோபத்தில் திட்டவில்லை. நேரம் பார்த்துத் திட்டுகிறாள். இவள் எண்ணை எழுதிப் பேனாவை வைத்த பிறகு. அக்கா தன் எண்ணை எழுதுவதற்கு முன்.

"வாய்க்கு வாய் கொடுக்காத. எழுந்து வெளிய போயிடு. மூஞ்சியக் கழுவிட்டு வா," என்று வீட்டில் அண்ணி சொல்லியிருந்தாள். நல்ல யோசனைதான். நோட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு இவள் பத்தொன்பது முறை எழுந்து போயிருக்கிறாள். ஒருமுறை திரும்பி வந்தபோது பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது. தன் கண்ணீர் என்று நினைத்துத் துடைத்துவிட்டாள். அழுதது கழுவறையில் அல்லவா? நோட்டுக்கு ஈரம் எப்படி வந்தது?

இருபது வருஷக்காரி ஒரு கத்துக்குட்டியைப் பார்த்து எதற்கு எழுத வேண்டும்? மாட்டிவிடவா? முன்னால் ஓடிப்போன இரண்டு பேரையும் இப்படித்தான் விரட்டினாளா?

மூன்று பத்துக்கு இவள் எண்ணை எழுதினாள். பேனாவை வைத்தாள். நோட்டை மூடி, மேலே முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"உங்கப்பா ஏன் உங்களை விட்டுட்டுப் போனாருன்னு இப்பத்தான் புரியுது," என்றாள் அக்கா, குடுவையைக் கழுவியபடி. "தினம் காலைல இந்த உம்மணாமூஞ்சியில முழிக்கணும்னா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க."

அப்பா விஷயத்தை இவளே சொன்னதுதான். முதல் நாள் அக்கா அவ்வளவு பரிவாகக் கேட்டாள். ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். சொந்தக் காசில் சூனியம்.

கால்கள் பழக்கத்தில் எழப்பார்த்தன. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்... நியானுக்கு வரும்போது அடுத்தது வந்தது.

"உங்கண்ணி பாவம். ஓசியில ஒருத்திக்குச் சோறு போடணும்."

சோடியம். மக்னீசியம்.

"என்னடி, போகலையா?"

"எங்க, அக்கா?"

அக்கா ஒரு கணம் தடுமாறினாள். "கழுவறைக்குத்தான். தினம் போவியே."

"இன்னிக்கு வேண்டாம்க்கா."

அக்கா சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குரல் வேறாக மாறியது. "போய்த் தண்ணி குடிச்சிட்டு வாம்மா. முகமே வாடிப்போச்சு."

முதல் நாளைக்குப் பிறகு அக்கா வாயிலிருந்து வந்த முதல் 'அம்மா'. திட்டியதைவிட இதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது. முழங்கையை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

மேலாளர் வந்தபோது அக்காவின் குடுவை நீலமாகியிருந்தது. நோட்டு காலியாக இருந்தது.

"என்ன, முடிவாயிடுச்சா?"

"சார்..." குரல் நூலாக வந்தது. ஆனாலும் வந்தது. "அக்கா குழாயில எவ்வளவுன்னு இப்பவே படிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் என் நோட்டைத் திறக்கறேன்."

"எனக்கே பரீட்சையா?" அக்கா சிரித்தாள். கூடச் சிரிக்க யாரும் இல்லை.

"படிங்களேன், அதனால என்ன?" என்றார் மேலாளர்.

அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். குழாயில் மூக்கு இடிக்கும் அளவு கிட்டப் போனாள். விலகினாள். மறுபடி போனாள். கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுமோ என்பதுபோல் குழாயைத் தடவினாள். மூடிய நோட்டைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள், அங்கே எண் எழுதியிருக்கிறதா என்று. பையிலிருந்து கண்மருந்துக் குப்பியை எடுத்தவள், அதைத் திறக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

நோட்டின் ஈரம் அப்போதுதான் இவளுக்குப் புரிந்தது.

"தெரியல சார்," என்றாள் அக்கா. "கோடு தெரியல. ஒரு வருஷமா எனக்கு ஒரு கோடும் தெரியல."