கோபுரத்துக்குச் சூடம்

சூடத் தட்டைச் சுற்றிய கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. சரஸ்வதி படத்துக்கும் புத்தக அடுக்குக்கும் காட்டிய கங்காதரன், மகள் துர்கா செய்த தெர்மாகோல் கோட்டைக்கும் விசேஷமாக ஒரு சுற்று காட்டினார். அதன் பெரிய கோபுரம் சத்தமே இல்லாமல் சுருங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கோட்டையைப் பூஜையில் வைக்கச் சொன்னதும் அவர்தான். ஆர்க்கிடெக்சர் படிக்கிற பெண்ணுக்கு அதுதானே புத்தகம் என்று வாதாடி, கோட்டைக் கதவுக்குக் குங்குமம்கூட வைத்திருந்தார். விஜயதசமிக்கு மறுநாள் அவள் அதைக் காலேஜில் காட்டியாக வேண்டும். பெற்றவர்களும் வரலாமாம். அவரை மட்டும் அவள் கூப்பிடவில்லை, கேட்டால், "உங்களுக்கு போரடிக்கும்பா."

"வெள்ளக்காரன் கோட்டைய ஒத்த ஆளாப் பிடிச்சிட்டேன் பாத்தியா," என்றார்.

"பரவால்லப்பா," என்று துர்கா கையை நீட்டினாள்.

"தொடாதடி," என்றாள் அவர் மனைவி புஷ்பலதா. "பூஜைல வெச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்."

ஆகவே அன்று முழுக்க, சாய்ந்த கோபுரம் ஹாலிலேயே இருந்தது. சுண்டல் வாங்க வந்த எதிர் ஃப்ளாட் ஜீவானந்தம், "இன்னா சார், பைசா கோபுரமா?" என்றார். "நம்ம பில்டர் கட்டினது சார்," என்றார் கங்காதரன். இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். துர்கா எழுந்து உள்ளே போனாள்.

ஜீவானந்தம் போனபின் அவருக்கு வேறு வேலையில்லை. பெருங்களத்தூர் பஸ் ஹாரன்களைக் கேட்டபடி, முதல்முறையாகக் கோட்டையை ஊன்றிப் பார்த்தார். அசல் கோட்டை, ஆல்ப்ஸ் மலையடியில், ஏரிக்குள் நீட்டிய பாறைமேல் எப்போதோ ஒரு பிரபு கட்டியது. சாலைப் பக்கம் அம்பு விட மட்டும் கீறல் போன்ற சந்துகள். ஏரிப் பக்கம் அகலமான வளைவு ஜன்னல்கள். கோபுரத்தின் கதவோ தரையில் இல்லை, ஆள் உயரத்துக்கும் மேலே. ஏன் என்று ஒருநாள் அவள் சொல்ல ஆரம்பித்தபோது, "கொரியர்காரன் எப்படி ஏறுவான்?" என்று கேட்டது அவர்தான். அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அந்தக் கதவைப் பார்க்க அவருக்குக் காது சுட்டது.

மறுநாள் காலை சூடத் தட்டைப் புஷ்பலதாவே எடுத்துக்கொண்டாள். பூஜை முடிந்ததும் துர்கா கோபுரத்துக்குப் புதிதாக வெட்டிய சுவரை ஒட்ட உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கதவு ஏம்மா அவ்ளோ உசரத்துல?"

நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலா என்று தேடுகிற பார்வை.

"எதிரி கோட்டைக்குள்ள வந்துட்டா, எல்லாரும் இதுல ஏறி ஏணிய மேல இழுத்துப்பாங்க. கடைசி இடம்பா இது."

அவர் வாயில் ஒன்று தயாராக வந்தது. விழுங்கினார்.

"நாளைக்கு என்ன ஏன் கூப்பிடல? போரடிக்கும்னு சொல்லாத."

துர்கா சுவரின் விளிம்பில் பசை தடவி முடித்தாள்.

"நீங்க வந்தா ஜோக் அடிப்பீங்க. சார்லாம் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிடுவேன். அப்பறம் இத யாரும் பாக்க மாட்டாங்கப்பா."

சுவரை நிறுத்தி அவர் பக்கம் தள்ளினாள். காயும்வரை யாராவது பிடித்திருக்க வேண்டும். இரண்டு விரலால், அழுத்தாமல், மூச்சுக்கூடப் படாமல் அவர் பிடித்துக்கொண்டார்.