ஈரம் காயாத யானைகள்

சேரனும் இனியாவும் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ கடைசி வருஷம் படித்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். மண்கூழை அச்சில் ஊற்றி யானைப் பொம்மைகள் செய்து சூளையில் சுட வேண்டும். முதல் தடவை சுட்டதில் பாதிக்கு மேல் வயிற்றில் விரிசல் விட்டு உடைந்துபோயின. அடுத்த தடவை நன்றாக வந்தன. இனி அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி, அதுவும் ஆங்கிலத்தில்.

இருவரும் தமிழ் வழியில் படித்தவர்கள். சேரன், தானே எழுதுவதாகச் சொன்னான். மறுநாள் மதியமே முழு அறிக்கையையும் போனில் காட்டினான்.

"அதுக்குள்ளயா முடிச்சிட்ட?"

"ஏஐ கிட்ட தலைப்ப மட்டும் குடுத்தேன். மீதியெல்லாம் அதுவே எழுதிடுச்சு."

இனியா தெரியாத சொற்களுக்கு அர்த்தம் தேடித் தேடிப் படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் சூட்டை வேகமாக ஏற்றியதால் விரிசல் விட்டது என்று இருந்தது. லேபில் மாட்டியிருந்த சூளைச் சார்ட்டின்படி முதல் தடவையும் சூடு மெதுவாகத்தான் ஏறியிருந்தது. ஈரத்தைக் கருவி வைத்து அளந்ததாகவும் இருந்தது. அப்படியொரு கருவியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 'குழுவினர் ஆராய்ந்தனர்' என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது.

"யாருடா இந்தக் குழு?"

"நாமதான்."

"நாம இதுல எங்கயும் இல்லையே, சேரா. இந்த மாதிரி ரிப்போர்ட்டுல வழக்கமா என்ன வருமோ அத எழுதியிருக்குது. நம்ம லேபுல என்ன நடந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லவே இல்லையே."

சேரனின் முகம் வாடிவிட்டது.

"நான் இங்கிலீஷ்ல எழுதினா சிரிப்பாங்க, இனியா."

"தமிழ்ல சொல்லு. நான் டைப் அடிக்கிறேன்."

லேப் வாசலில் உட்கார்ந்தார்கள். அவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவன் பேச்சு மாறாமல் அவள் அடித்தாள். முடிவில் ஏஐக்கு ஒரு குறிப்பும் எழுதினாள்: 'இதை எளிய ஆங்கிலத்தில் மாற்று. இதில் இல்லாத எதையும் சேர்க்காதே. புரியாத இடத்தில் எங்களைக் கேள்.'

ஏஐ ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. பொம்மைகள் காய்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

சேரன் தரையைப் பார்த்தான்.

"நீ ஒவ்வொண்ணையும் கன்னத்துல வச்சுப் பாப்ப. ஜில்லுன்னு இருந்தா தனியா எடுத்து வச்சிடுவ. மொத தடவ சுட்டப்ப நீ லீவு. அப்பாவுக்கு முடியலன்னு ஊருக்குப் போயிட்ட. நான் சும்மா கையால தொட்டுப் பாத்துட்டு அடுக்கிட்டேன். உள்ள ஈரம் இருந்திருக்குது, அதான் சூட்டுல விரிசல் விட்டுடுச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நீ இல்லாமப் போனதாலதான் ஒடஞ்சுதுன்னு நெனச்சு வருத்தப்படுவ."

பெண்ணாடத்தில் இனியா அப்பாவின் கட்டிலை விட்டு நகராமல் இருந்த நாட்களில், இங்கே இவன் உடைந்த யானைகளைத் தனியாக அள்ளிக்கொண்டிருந்திருக்கிறான்.

"இதையும் போடுவோம்," என்றாள் மெதுவாக.

புதிய அறிக்கை பழையதில் பாதிகூட இல்லை. வாய்மொழித் தேர்வு அன்று விரிவுரையாளர் மதிவதனி அதைப் படித்துக்கொண்டே வந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்த இடத்தில் நிறுத்தினார்.

"யாரு எழுதினது இது?"

"சொன்னது நாங்க, மேடம். இங்கிலீஷ் மட்டும் ஏஐ. தமிழ்ல சொன்னதப் பின்னாடி சேத்திருக்கோம்," என்றாள் இனியா.

மேடம் அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பொம்மையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"எடை கொறையறது நின்னுடுச்சான்னு தராசுல போட்டும் பாத்திருக்கணும். அதுக்கு மார்க்கக் கொறப்பேன். சேரன், விரிசல் எப்படி விட்டுதுன்னு தமிழ்லயே சொல்லுங்க."

சேரன் தடுமாறாமல் சொன்னான். நடுவில் ஒருமுறைகூடத் தாளைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெண்ணாடம் பஸ்ஸில் இனியா ஏறினாள். பின்னாலேயே சேரனும் ஏறினான். அவன் வீடு எதிர்த்திசையில், மங்கலம்பேட்டையில்.

"நீ எங்க வர?"

"உங்க அப்பாவப் பாத்துட்டு வரேன்," என்றான்.

இனியா ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.