சின்னவ போட்ட கோடு

பஸ் ஓட்டுறத விட்டு ரெண்டு வருஷமாச்சு, ஆனா வீட்டுல இன்னும் அவரு பேரு டிரைவர்தான். வாழ்க்கையில முத தடவ ஃப்ளைட் ஏறியிருக்காரு, ஏறினதுலேர்ந்து வாய் ஓயல. பக்கத்து சீட்டுல டை கட்டின ஒருத்தர் வசமா மாட்டிக்கிட்டாரு.

"இந்த ஃப்ளைட் எந்த வழியா போகணும்னு கோடு போட்டுக் குடுக்குறதே என் சின்னப் பொண்ணுதான் சார். காத்து, மழை, எரிபொருள் எல்லாம் பாத்துதான் போடுவா. அவ கையெழுத்து போடாம பைலட் வண்டிய எடுக்க முடியாது."

"விட்டா றெக்கையும் அவதான் மாட்டினான்னு சொல்லுவாரு"ன்னு ஜன்னல் சீட்டுலேர்ந்து சம்சாரம்.

டைக்காரர் சிரிச்சாரு. "அப்ப சீக்கிரம் கொண்டு போய் விடச் சொல்லுங்க. எறங்கினதும் எனக்கு அடுத்த ஃப்ளைட். ஓடினாத்தான் புடிக்க முடியும்."

"ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர், ஒம்பது மணி நேரம். டாண்ணு போய் நிக்கும் சார்."

இந்தக் கணக்க டெப்போல டீ குடிக்கிறவன் வரைக்கும் ஒப்பிச்சிட்டுத்தான் கெளம்பியிருந்தாரு.

மேல போனதும் முன்சீட்டு ஸ்கிரீன்ல மேப் வந்துச்சு. கோடு நேரா போகல. வில்லு மாதிரி வளைஞ்சு எங்கயோ மேல போகுது. மொத்த தூரம் ஏழாயிரத்து அறுநூறுன்னு காட்டுது. டிரைவர் எட்டி இன்னொரு தடவ படிச்சாரு.

டைக்காரரும் பாத்துட்டாரு. "என்ன சார், தலையச் சுத்தி மூக்கத் தொடுது? உங்க பொண்ணு கணக்குல கொஞ்சம் வீக்கோ?"

டிரைவர் ஸ்கிரீன அணைச்சிட்டாரு.

"ஏன் அணைச்சீங்க?"ன்னா சம்சாரம்.

"கண்ணு கூசுது."

சாப்பாடு வந்துச்சு, தொடல. வேலைக்குச் சேந்து ஒரு வருஷங்கூட ஆகல புள்ள. தப்பாப் போட்டுட்டாளா? இந்த மனுஷன் ஃப்ளைட்ட விட்டுட்டா, அத்தன பேரும் லேட்டானா, யாரு தலையில விடியும்? ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச வாய இப்ப எங்க கொண்டு போய் வச்சுக்கறது?

எறங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பைலட் குரல். "நேர் வழியில இன்னிக்கு எதிர்காத்து பலமா இருந்துச்சு. அதனால கொஞ்சம் சுத்தி வந்தோம். இந்தப் பக்கம் காத்து பின்னாடிலேர்ந்து நம்மளத் தள்ளிக்கிட்டே வந்துச்சு. அரை மணி நேரம் முன்னாடியே எறங்குறோம்."

டிரைவர் தொடையில ஒண்ணு போட்டாரு. மார்க்கெட் ரோடு நேர் ரோடுதான், அதுல அவரு என்னிக்காவது பஸ்ஸ விட்டிருக்காரா? பைபாஸ்தானே. சுத்துதுன்னு ஏறுறவங்க எல்லாம் திட்டுவாங்க, அப்பறம் முன்னாடியே எறங்கிட்டு கம்முனு போவாங்க. இது தெரிஞ்ச மனுஷன் மேல ஏறினதும் எப்படி மறந்தாரு?

டைக்காரர் பையத் தூக்கிக்கிட்டே, "தெரியாம வாய விட்டுட்டேன் சார். பொண்ணுகிட்ட தேங்க்ஸ் சொல்லிடுங்க. நான் நடந்தே போய் அடுத்ததப் புடிச்சிருவேன்"னாரு.

கதவுகிட்ட பைலட் நின்னாரு. டிரைவர் சும்மா போவாரா? யாரு பொண்ணுன்னு சொல்லிட்டாரு.

"அவங்க அப்பாவா நீங்க? நேர் வழியே குடுங்கன்னு நான் ரெண்டு தடவ கேட்டேன் சார். மசியவே இல்ல."

"வீட்டுலயும் அப்படித்தான் தம்பி"ன்னா சம்சாரம்.

ஃப்ளைட்ட விட்டு எறங்கினதும் சின்னவ ஃபோன். "எப்படிப்பா இருந்துச்சு?"

"ம். பரவால்ல. ரோடு பாத்துதான் விட்டிருக்க."

"அவ்ளோதானா?"

சம்சாரம் ஃபோனப் புடுங்கினா. "அவரு உன்கிட்ட சொல்ல மாட்டாருடி. இரு, நீயே கேளு"ன்னு ஃபோன அவரு பக்கம் நீட்டினா.

அதுக்குள்ள பெட்டி வர்ற எடத்துல யாரோ ஒருத்தரப் புடிச்சு டிரைவர் சொல்லிக்கிட்டிருந்தாரு. "ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சார். நேரா வந்தா கம்மிதான். நேரா எவன் வேணா வருவான்."