மணி அடித்ததும் ஓடியவர்கள்

1978-இல் சென்னையில் கம்ப்யூட்டருக்கு கெர்னல் எழுதும் வேலையில் இருந்தேன். எல்லா வேலைகளையும் முறை வைத்து நடத்தும் அடிப்படை நிரல் அது. என்னுடையதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே காந்த டேப்பில் எழுத, எல்லாம் நின்றுவிடும். திங்கட்கிழமைக்குள் திருத்தாவிட்டால் வேலை போய்விடும்.

சனிக்கிழமை காஞ்சிபுரம் வந்தேன். ஜரிகை இல்லாமல் தங்கை தேவகியின் தறி நின்றிருந்தது. ஜரிகை வந்தால் நெசவாளர் சொசைட்டியில் மணி அடிப்பார்கள்.

“என் கெர்னலும் இப்படித்தான்மா. டேப் இல்லாத வேலையெல்லாம் தூங்கும். ஒண்ணு முடிச்சு டேப் காலியானா எல்லாத்தையும் எழுப்புவேன், எழுந்து எடுத்துக்கும்” என்றேன்.

மணி அடித்தது. தெருவே ஓடியது. தேவகி வெறுங்கையோடு திரும்பினாள்.

“ரெண்டு பேருக்குத்தான் வந்துச்சாம்.”

“மணி அடிச்சாங்களே?”

“அடிச்சா? நாப்பது பேரு ஓடுறோம். இருக்கான்னு போய்ப் பாக்கணும், இல்லன்னா திரும்பி வந்து உக்காரணும். பாக்காமலே எடுத்துக்குமாமே உன் கம்ப்யூட்டரு, பெரிய எடத்துப் புள்ளயாண்ணா அது?”

திங்கட்கிழமை, எழுந்த ஒவ்வொரு வேலையும் டேப் காலியா என்று மறுபடி பார்க்கும்படியும், இல்லையென்றால் மறுபடி தூங்கும்படியும் மாற்றினேன். கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியது.

“எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள்?” என்றார் மேலதிகாரி.

“சொந்த யோசனைதான் சார்” என்றேன்.