இருபத்து நான்காவது கப்

தாவரவியல் பூங்காவில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு விதை போடக் கற்றுக்கொடுக்கும் செடி டீச்சருக்குக் கைராசிக்காரி என்று பெயர். பதினொரு வருஷமாக அந்தப் பெயர். அவள் கை பட்டால் பட்ட கட்டையும் துளிர்க்குமாம். அந்தப் பெயர் இருக்கிறதே, அதுதான் அவளைக் கெடுத்தது.

தொட்டாற்சிணுங்கி விதைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஆறும்வரை ஊறவிட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். எத்தனையோ தடவை செய்த வேலைதான். அன்று காலை அவசரத்தில், அடுப்பில் இருந்த சட்டியிலேயே விதையைப் போட்டுவிட்டாள். அடுப்பை அணைக்கக் கை நீட்டிய நேரம், வாசலில் நாற்காலி பத்தவில்லை என்று ஒரே கூச்சல். ஓடினாள். நாற்காலி கொண்டுவந்த ஆளோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினால், விதைகள் பருப்பு மாதிரி குதித்துக்கொண்டிருந்தன.

அள்ளித் தூரக் கொட்டியிருக்க வேண்டும். கொட்டினாளா? டப்பாவில் வேறு விதை இல்லை. வெளியே இருபத்து நான்கு குழந்தைகள் பெயரெழுதிய காகிதக் கப்போடு நின்றார்கள். ஒன்றிரண்டாவது முளைக்காமலா போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெந்த விதையை எடுத்து நீட்டினாள். குழந்தைகள் ஆசை ஆசையாக மண்ணில் புதைத்தார்கள். கப்புகள் பூங்காவின் கண்ணாடி வீட்டிலேயே இருக்கும். வாராவாரம் வந்து அவரவர் கப்புக்கு அவரவரே தண்ணீர் ஊற்ற வேண்டும், மூன்றாம் வாரம் செடியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதுதான் அங்கே வழக்கம்.

ஒன்றுகூட முளைக்கவில்லை. வேகவைத்தது முளைக்குமா என்ன?

கைராசிக்காரிக்குத் தூக்கம் போயிற்று. மூன்றாம் ஞாயிறு, ஆள் வருமுன் நாற்றங்காலுக்குப் போனாள். பாத்திக்காக வளர்த்திருந்த தொட்டாற்சிணுங்கி நாற்றுகளைப் பிடுங்கி, கப்புக்கு ஒன்றாக நட்டாள். நாற்று இருபத்து மூன்றுதான் தேறியது. மிஞ்சிய கப் ஒரு சின்னப் பெண்ணுடையது. டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் கண்ணாடிக்காரி. மூக்கைவிடப் பெரிய கண்ணாடி, வாயைத் திறந்தால் கேள்வி. போன வாரம் அவள் வரவில்லை, இன்றைக்கும் வரமாட்டாள் என்று டீச்சர் கணக்குப் போட்டாள்.

வந்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக.

மற்ற பிள்ளைகள் இலையைத் தொட்டுத் தொட்டுச் சுருங்கவைத்துக் கெக்கலித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரி தன் கப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் ஏன் டீச்சர் வரல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் அம்மா அப்பாக்கள் நின்றார்கள். வாய் கூசாமல் வந்தது பதில்.

"விதை போட்ட அன்னிக்கே தண்ணி நிறைய ஊத்திட்டே போல கண்ணு. விதை அழுகிப்போச்சு."

அவள் அப்பா சிரித்தார். "வீட்லயும் இதே கதைதான் டீச்சர். இவ கை பட்டா ஒண்ணும் உருப்படாது."

தமாஷாகத்தான் சொன்னார். சிறுமி அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். டீச்சருக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெட்கங்கெட்டவளே, ஏழு வயசுப் பிள்ளை தலையிலா கட்டுவாய்? அதற்குப் பிறகு இரண்டு வாரமும் மனசு இதைத்தான் கேட்டது. யாராவது "உங்க கைராசியே ராசி" என்று சொன்னால் உடம்பு கூசியது.

இரண்டு வாரம் கழித்து, வீட்டுக்குப் போன செடிகளைக் கொண்டுவந்து தொட்டிக்கு மாற்றும் நாள். நீள மேசை முழுக்க மண். அத்தனை பிள்ளைகளும் முழங்கை வரை அப்பிக்கொண்டு கும்மாளம் போட்டார்கள். மேசைக் கோடியில் கண்ணாடிக்காரி வெறும் கப்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் கவுன் பைக்குள் இருந்தன.

"நீயும் மண்ணை அள்ளேன் கண்ணு."

"வேணாம் டீச்சர். நான் தொட்டா செத்துடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், தினம் ஒரே ஒரு ஸ்பூன்தான் ஊத்துறேன். அப்பவும் வரல."

செத்த விதைக்கு இரண்டு வாரமாக ஸ்பூனில் அளந்து ஊற்றியிருக்கிறது பிள்ளை! இனி முடியாது. போகிற பெயர் போய்த் தொலையட்டும்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க." "இவ தண்ணி அதிகமா ஊத்தல. நான்தான் விதையைச் சட்டியிலேயே கொதிக்கவிட்டுட்டேன். அடுப்பை அணைக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது. இவ பேர்ல போட்டுட்டேன்."

மேசையில் சத்தம் அடங்கியது. பாதி உண்மையோடு தப்பித்துவிட்டோம் என்று டீச்சர் மூச்சு விட்டாள். வெட்கக்கேடு, அப்போதும் தப்பிக்கத்தான் பார்த்தாள்.

கண்ணாடிக்காரி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

"எல்லார் விதையும் அந்த ஒரே சட்டியிலதானே டீச்சர் இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப அவங்களுக்கு மட்டும் எப்படி முளைச்சுது?"

இருபத்து மூன்று ஜோடிக் கண்கள் தங்கள் செடியை விட்டு டீச்சரைப் பார்த்தன. பின்னால் நின்ற பெரியவர்களும் பார்த்தார்கள்.

"முளைக்கல," என்றாள். "யாருக்குமே முளைக்கல. நாற்றங்கால்ல இருந்து பிடுங்கி நான்தான் வச்சேன். ஒண்ணு குறைஞ்சுது."

"என் செடி என்னோடது இல்லையா?" என்று ஒரு வாண்டு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. ஒரு அம்மா, "குழந்தைங்ககிட்டப் போய் இப்படியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். கண்ணாடிக்காரியின் அப்பா மகளின் தலையில் கையை வைத்தார். டீச்சர் கூனிக்குறுகி நின்றாள். கேட்டதெல்லாம் நியாயம்.

கண்ணாடிக்காரி மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மெல்லக் கைகளைப் பையிலிருந்து எடுத்தாள். வெறும் கப்பை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப என் கப்புல மட்டும்தான் நானே போட்ட விதை இருக்கு," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "இல்ல டீச்சர்?"

"ஆமா கண்ணு," என்றாள் கைராசிக்காரி. அதற்குமேல் அந்தச் சிரிப்பை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.