ஒரே குவியல்

பயறு பறிக்கிற வேலை வெயிலுக்கு முந்தியது. பனி ஈரத்தோடு பறித்துவிட வேண்டும். காய்ந்தால் நெற்று வெடித்துப் பயறு மண்ணுக்குப் போய்விடும். அதனால் கிழக்கு வெளுக்குமுன்னே குரும்பகரத்து வயலில் நாங்கள் குனிந்திருந்தோம். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு வந்த முதல் மாசி. கொடிதான் இறங்கியது, மிராசுதார் குஞ்சிதபாதம் இறங்கவில்லை.

அறுப்புக்கு முன், நின்ற நெல்லுக்குள் தெளித்த பயறு அது. காய் முற்றுகிற நேரத்தில் வரக்கூடாத மழை வந்து ஒரு வாரம் உட்கார்ந்தது. அப்புறம் நாற்றம். நெற்று கறுத்து, கொழகொழவென்று விரலில் ஒட்டியது. உள்ளே புழு குடித்தனம் நடத்தியது. நசுக்கினால் சீழ் மாதிரி பீய்ச்சும். வயல் நண்டுகள் ஒரு கொடுக்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பேறியதை என் கண்ணால் பார்த்தேன். காக்கைகள் பக்கத்து ஊரான பூவம் வழியாகச் சுற்றிப் போயின.

பறித்ததை நாங்களே களத்தில் நல்லது, சொத்தை என்று பிரித்து, இரண்டிலும் எட்டில் ஒரு பங்கு கூலியாக எடுப்பது வழக்கம். கோடை முழுக்க எங்கள் அடுப்பில் ஏறுவது அந்தப் பயறுதான்.

மிராசுதார் சென்ட் போட்ட கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

"நல்லதெல்லாம் வண்டியில ஏறட்டும். உங்க பங்கைக் கறுப்புலேர்ந்து எடுத்துக்குங்க. மழையால எனக்குந்தான் நஷ்டம்."

கைக்குழந்தையை வரப்பில் கிடத்திவிட்டுப் பறித்துக்கொண்டிருந்த பெரியநாயகி, ஒரு பிடி கறுப்பை அவரிடம் நீட்டினாள். "நஷ்டம் பொதுன்னா இதுவும் பொதுதானுங்களே. கொஞ்சம் எடுத்துக்குங்க."

அவர் பின்வாங்கினார். வேண்டாமென்றால் மாட்டுக்குப் போடச் சொன்னார்.

"வச்சோங்க. மோந்து பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிச்சு," என்றாள் ஜொஹரா. கடலுக்குப் போன புருஷன் திரும்பாததால் எங்களோடு பறிக்க வருகிறவள்.

இஷ்டமில்லாவிட்டால் பிரிக்கப் பூவத்திலிருந்து ஆள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

பெரியநாயகி முன்னால் களத்துக்கு நடந்தாள். பிரித்து வைத்திருந்த நல்ல பயற்றை முறத்தால் அள்ளிக் கறுப்போடு கலந்தாள். ஜொஹரா தன் கூடையைக் கவிழ்த்தாள். நானும் என் கூடையைக் கவிழ்த்தேன். கலந்த சரக்கை எந்த வியாபாரியும் தொடமாட்டான். பழைய வழக்கம் திரும்பும்வரை பிரிப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டோம். குவியல் புழுங்கினால் சாயங்காலத்துக்குள் நல்லதும் கெட்டுவிடும். எங்கள் கோடைக் கஞ்சியும் அதற்குள்ளேதான் கிடந்தது.

உச்சிப் பொழுதில் பூவத்து வண்டி வந்தது. இறங்கிய பெண்களில் ஒருத்தி ஓரமாகப் போய் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"உங்களுக்குப் பங்கு எதுலேர்ந்து?"

ஜொஹரா குவியலிலிருந்து ஒரு கறுப்பை எடுத்துக் காட்டினாள். வந்தவள் குவியலைப் பார்த்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

மிராசுதாரிடமிருந்து தகவல் இல்லை. கிழக்கே மறுபடி மேகம் கறுத்தது. கடற்காற்று கிளம்பி, நாற்றம் முழுவதையும் அவர் வீட்டு மாடிக்குச் சுமந்து போயிற்று. காற்றும் எங்களோடு சேர்ந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிற சத்தம் களம்வரை கேட்டது. வந்தவர்களுக்கு இடம் விட்டு நாங்கள் நெருங்கி உட்கார்ந்தோம்.