நான் சேர்த்த வரி

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியபோது அந்த வாக்குமூல நகலை மூன்றாவது முறையாகப் பிரித்தேன். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கடலைப் பார்க்க எழுந்து நின்றார்கள். பக்கத்து சீட்டுப் பெரியவர் என் காக்கிச்சட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம், ரயிலு இப்ப வருமா?" என்று கேட்டார்.

"தெரியலங்கய்யா."

"போலீசுக்கே தெரியலன்னா எப்படி," என்றார் பின் சீட்டைப் பார்த்து. பின் சீட்டில் சிரித்தார்கள்.

நகலில் இருந்தது என் கையெழுத்துதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், தீவுக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பு, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தபோது எழுதியது. புகார் கொடுக்க வருபவர்கள் சொல்வதை எழுதுவதும், ஆஸ்பத்திரிக்குப் போய் வாக்குமூலம் வாங்குவதும் ரைட்டரின் வேலை. அன்று அரசு ஆஸ்பத்திரியில் ராக்கு என்ற பெண் வலது கையில் மாவுக்கட்டோடு கிடந்தார். அவர் சொல்ல நான் எழுதியது இது: "மேற்படி செல்லச்சாமி என்பவர் என்னை அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று மிரட்டி, கையில் வைத்திருந்த மண்வெட்டிக் கணையால் என் வலது கையில் அடித்தார்."

கணையால், அதாவது மண்வெட்டிக் காம்பால், அடித்தது ராக்கு சொன்னது. திட்டியதும் மிரட்டியதும் நான் சேர்த்தது.

அப்படிச் சேர்ப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எழுதப் பழக்கிய ஏட்டையா, "இந்த வரி இல்லாத கம்ப்ளெயிண்டு கோர்ட்டுல நிக்காதும்மா" என்று சொல்லிக் கொடுத்தார். அடிதடிப் புகார் என்றால் திட்டும் மிரட்டலும் சேர்ந்தே வரும். வாய்க்கால் தகராறோ, குழாயடிச் சண்டையோ, மருமகளை அடித்த மாமனாரோ, எல்லோரும் என் எழுத்தில் ஒரே மாதிரி திட்டினார்கள், ஒரே மாதிரி மிரட்டினார்கள். கை தானாக அந்த வரிக்குப் போகும், பேனா நிற்காது.

ராக்கு விஷயத்தில் மட்டும் நின்றது. அன்று அவர் கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "அவரு வயல்ல களையெடுக்க வரலைன்னு அடிச்சாரு. நூறு நாள் வேலைக்குப் போயிட்டேன்ல, அதான். வந்தாரு, அடிச்சாரு, போனாரு. ஒத்த வார்த்த பேசலத்தா. ஏசியிருந்தாக்கூட எனக்கு இம்புட்டு நடுக்கம் வந்துருக்காது."

அந்த வார்த்தை எனக்குள் எங்கே போய்த் தைத்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு முந்தைய வருடம், செயின் பறித்ததாகக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணை நான் லத்தியால் அடித்தேன். நாலைந்து அடி இருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால் எதிரில் ஓர் ஆள் இருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசாமல் அடித்தால் மூட்டையை அடிப்பது மாதிரி. கை மட்டும் வலித்தது. ராக்கு சொன்னதைக் கேட்டபோது நான் செல்லச்சாமியின் பக்கம் நின்றுகொண்டு ராக்குவைப் பார்ப்பது போல இருந்தது. சட்டென்று குனிந்து வழக்கமான வரியை எழுதினேன். எழுதிய பிறகு மூச்சு சீரானது.

இந்த வேலை எனக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்ல முடியாது. நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் அய்யாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போன வீட்டின் முன்னால், சோணையம்மாள் என்ற அந்த வீட்டுக்கார அம்மா, நான் யூனிஃபார்மில் போன அன்று, "உள்ள வா மாலதி, வெயில்ல நிக்காத" என்றார். அய்யா அதை இன்றுவரை போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் எனக்குப் பெரிதாக இருந்தது அது இல்லை. ஸ்டேஷனுக்கு வரும் பெண்கள், "எழுதுற போலீசு இருக்காகளா?" என்று கேட்டு, என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். அவர்கள் வாயால் சொன்னது தாளில் ஏறி, முத்திரை விழுந்ததும், அதுவரை கூப்பிட்டால் திரும்பாத ஆண்பிள்ளை ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பான். அமாவாசை பந்தோபஸ்தில் பதினாலு மணி நேரம் கடற்கரையில் நின்று, ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமல் இருந்து, மகளின் பள்ளி விழா ஒன்றுக்கும் போகாமல் போன வருடங்களை, அந்த மேசையை நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டேன்.

ராமநாதபுரம் கோர்ட்டில் இறங்கியபோது பத்தரை மணி. வேப்ப மரத்தடியில் ராக்குவும் அவர் கணவர் முனியசாமியும் நின்றிருந்தார்கள். கை சேர்ந்துவிட்டது, ஆனால் மணிக்கட்டுக்கு மேலே கொஞ்சம் கோணல். என்னைப் பார்த்ததும் ராக்குவின் முகம் தெளிந்தது.

"ஏட்டம்மா வந்துட்டாக. இனிமே எனக்குப் பயமில்ல," என்றார் கணவரிடம்.

"சாட்சி ரெண்டு பேரும் பல்டி அடிச்சுட்டாளுக," என்றார் முனியசாமி. "கூடவே நின்னவளுக. கேட்டா, அன்னைக்கு நாங்க ஊர்லயே இல்லைங்கிறாளுக."

"அவளுகளையும் சொல்லி என்ன செய்ய. நாளைக்கு அந்த வயல்லதான எறங்கணும்," என்றார் ராக்கு. "நான் நடந்ததச் சொல்லிட்டு வாரேன்."

நீங்கள் சொன்னதாக நான் எழுதியிருப்பது வேறு என்று அந்த மரத்தடியிலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களாக்கா?" என்றுதான் வந்தது.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். ராக்குதான் முதல் சாட்சி. நானும் சாட்சி என்பதால் உள்ளே இருக்கக்கூடாது. வராந்தாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன், படிக்கட்டு வரை போய்த் திரும்பினேன். தொப்பியைக் கழற்றி மாட்டினேன். என் கணவர் பிரபாகரன் போன் செய்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கூப்பிடல."

"லிஸ்டு இந்த மாசம் வருதாம். கோர்ட்டுல எதையாவது உளறி வைக்காத. இருக்குறத சொல்லிட்டு வா."

லிஸ்ட் என்றால் எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியல். என் பெயர் அதில் இருந்தது. இந்தச் சமயத்தில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். விசாரணை என்று இழுத்தால் எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது.

முக்கால் மணி நேரத்தில் கோர்ட் டூட்டி கான்ஸ்டபிள் ராம்குமார் வெளியே வந்தான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அக்கா, அந்தம்மா கவுத்துருச்சு. எதிர்த்தரப்பு வக்கீலு, என்னன்னு ஏசுனாரு, அந்த வார்த்தையச் சொல்லுன்னாரு. அவரு ஒண்ணுமே பேசலங்கய்யாங்குது. மிரட்டுனாரான்னா, அதான் பேசவே இல்லையேங்குது. அப்ப இதுல எழுதியிருக்கது பொய்யான்னாரு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது சாமி, ஆனா நான் பொய் சொல்லலன்னு அழுதுருச்சு."

"அழுதாங்களா?"

"ஆமாக்கா. ஒரு வரிய ஞாபகம் வச்சுக்கத் தெரியல. நீங்க முன்னாடியே சொல்லிக் குடுத்துருக்கலாம்ல?"

சொல்லிக்கொடுப்பதும் வழக்கம்தான். நான் அதையும் செய்யவில்லை.

அரசு வக்கீல் உமாமகேஸ்வரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மதியத்துக்கு மேல் என் முறை. "அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்னு சொல்லிட்டுப் போங்க. ரெண்டு வருசம் ஆச்சு, மறந்திருப்பாங்கன்னு நான் வாதம் வச்சுக்கிறேன்."

"மறக்கிறவங்க அடிச்சது யாருன்னும் மறந்திருக்கலாமேன்னு அவர் கேட்பாரே மேடம்."

"கேட்பார்."

"நான்தான் சேர்த்தேன்னு சொன்னா?"

அவர் கையில் இருந்த கேஸ் கட்டை மூடினார். "அடிச்ச குற்றமாவது நிக்க ஒரு வாய்ப்பு இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு, இந்தம்மா அடிச்சதப் பத்தி ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல. ஆனா உங்களை நான் காப்பாத்த முடியாது. யோசிச்சுக்கங்க. எது சொன்னாலும் ரிஸ்க்தான்."

சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடவில்லை. ராக்கு படிக்கட்டில் கணவரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், பார்வையில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. நாம் அன்று வேறு எதையாவது சொல்லிவிட்டோமோ, வலியில் உளறிவிட்டோமோ என்று தன்னையே சந்தேகப்படும் முகம் அது. அடித்தவன் கூட அவருக்கு அதைச் செய்யவில்லை. என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. கோர்ட்டுக்கு வெளியே போய் ரோட்டைக் கடந்தேன். ஒரு காரணமும் இல்லாமல் மறுபடி கடந்து வந்தேன். மறந்திருப்பார் என்ற பேச்சு எனக்குப் பிடித்துப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அது அவ்வளவு சுலபமாக இருந்தது. யாருக்கும் தெரியாது. ராக்குவே நம்பிவிடுவார்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி உறுதிமொழி சொன்னேன். செல்லச்சாமி வெள்ளைச் சட்டையில் கைகட்டி நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

அரசு வக்கீல் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வார்டு. பிறகு, "முதல் சாட்சி சொல்லச் சொல்ல அதை எழுதினீர்களா?" என்றார்.

"ஆமாம்," என்றேன். டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. "ஒரு வரி தவிர."

டைப் நின்றது. மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"திட்டினார், மிரட்டினார் என்பது நான் எழுதியது. ராக்கு அப்படிச் சொல்லவில்லை. செல்லச்சாமி ஒன்றும் பேசாமல் அடித்தார் என்றுதான் அன்றும் சொன்னார்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தபோது அவசரமே படவில்லை. "ஏன் எழுதினீர்கள்?"

"வழக்கமாக எழுதுவோம்."

"வழக்கமாக," என்று அவர் திருப்பிச் சொன்னார். "இந்த மாதிரி எத்தனை வாக்குமூலத்தில் சேர்த்திருக்கிறீர்கள்?"

அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. எத்தனை பெண்கள் இந்த மாதிரிப் படியில் உட்கார்ந்து தங்களையே சந்தேகப்பட்டிருப்பார்கள்?

"கடைசியில், படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது என்று இருக்கிறது. படித்துக் காட்டினீர்களா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. ஒரு வரியை ஒப்புக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். அன்று அடுத்த ஒரு கேசுக்கு ஜீப் காத்திருந்தது. ராக்குவின் இடது கைப் பெருவிரலை மை அட்டையில் அழுத்தி, தாளில் உருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"இல்லை," என்றேன்.

"அப்படியானால் இதில் எது உண்மை என்று கோர்ட் எப்படி நம்புவது?"

"என்னை நம்ப வேண்டாம். ராக்கு காலையில் சொன்னதை நம்பலாம்."

அது கருத்து, பதில் இல்லை என்று வக்கீல் சொன்னார். மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்யச் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் டைப் செய்யச் சொன்னார். கடைசியில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது போனில் இன்ஸ்பெக்டரின் நான்கு அழைப்புகள் இருந்தன. ராம்குமார் என் பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினான். மனம் லேசாகும் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் ஆகவில்லை. காலையில் இருந்த அதே பரபரப்பு, போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றியது.

ராக்கு எழுந்து வந்தார். உள்ளே நடந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அந்த வரிய நீதான் எழுதுனியா?"

"ஆமாக்கா."

"நான் சொல்லல?"

"நீங்க சொல்லல. நீங்க சொன்னது சரிதான்."

"எனக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சோன்னு இருந்தேன், மத்தியானம் முச்சூடும்," என்றார். "ஏன் தாயி அப்படிச் செஞ்ச? நான் சொன்னது பத்தலையா?"

அதற்குச் சொல்ல என்னிடம் வழக்கம் என்ற சொல்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. லத்தியைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். அது என் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவதாக இருக்கும்.

முனியசாமி, "வா, பஸ்ஸு போயிரும்," என்றார்.

"போனாப் போகுது, அடுத்தது வரும்," என்றார் ராக்கு. என் கையில் இருந்த நகலைக் காட்டினார். "அந்தத் தாள்தான அது? அதுல இன்னும் என்னென்ன எழுதி வச்சுருக்க? வாசி."

"இப்பயாக்கா?"

"இப்பத்தான். இங்கன உக்காரு."

போன் மறுபடி அதிர்ந்தது. அதைப் பையில் போட்டுவிட்டு மரத்தடிக் கட்டையில் உட்கார்ந்தேன். அவர் எதிரில், மண்ணில், கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் முதல் வரியிலிருந்து வாசித்தேன். "நான் மேற்கண்ட முகவரியில் என் கணவர் முனியசாமியுடன் வசித்து வருகிறேன். சம்பவத்தன்று காலை சுமார் எட்டு மணிக்குக் கண்மாய் வேலைக்காக வயல் வரப்பு வழியாக நடந்து..."

"நில்லு," என்றார் ராக்கு. "வரப்பு இல்ல, வாய்க்காக் கர. வரப்புல போனா அவரு வெள்ளாமைய மிதிச்சேம்பாரு. நான் மிதிக்கல."

பேனாவை எடுத்தேன். அந்த நகலில் திருத்துவதால் கோர்ட்டில் எதுவும் மாறாது. வரப்பு என்பதை அடித்து, மேலே வாய்க்கால் கரை என்று எழுதினேன்.

"ம்," என்றார். "மேல வாசி."